கண்டுபிடித்த பிறகு மாற்றுவோம்: இக்னிஷன் காயில் வழியே ஓர் அறிவியல் பாடம்

மின்மாற்றி நேர்திசை மின்னோட்டத்தில் இயங்குமா? ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் காந்தவியல், மின்காந்தவியல் பாடத்தை முடிக்கும்போது நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. "இயங்காது. மாறுதிசை மின்னோட்டத்தில் மட்டுமே இயங்கும்" என்று மாணவர்கள் ஒரே குரலில் சொல்வார்கள். விடை சரிதான். ஆனால் பள்ளி வாசலில் நிற்கும் பெட்ரோல் வண்டிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் அடுத்தடுத்துச் சுற்றிய இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. காரில் அந்தச் சுருள்களுக்குப் போவது 12 வோல்ட் பேட்டரியின் நேர்திசை மின்சாரம். வெளியே வருவதோ 20,000 வோல்ட்டுக்கும் மேல். இது எப்படி?

இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மூன்று பாடவேளைகளும் ஒரு சனிக்கிழமைக் காலையும் கொண்ட ஒரு கற்பித்தல் அலகை மம்சாபுரம் பகுதியில் என் ஒன்பதாம் வகுப்பில் நடத்தினேன். மின்காந்தத் தூண்டலைப் புரியவைப்பதே முதல் நோக்கம். அதைவிட எனக்கு முக்கியமாகப்பட்ட இன்னொரு நோக்கமும் இருந்தது. ஒரு பழுதை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது என்பதை மாணவர்கள் கற்க வேண்டும். அந்த முறை வண்டிக்கு மட்டும் உரியதல்ல, நம் வகுப்பறைக்கும் பொருந்தும் என்பதால் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கற்றல் விளைவுகள்

1. காந்தப்புலம் மாறும்போதுதான் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது என்பதைச் சோதனை வழியே விளக்குதல்.
2. மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கிறதோ அவ்வளவு அதிக மின்னழுத்தம் கிடைக்கும் என்பதை உணர்தல்.
3. ஒரு பழுதுக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும்போது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துக் காரணத்தைக் கண்டறிதல்.

முதல் பாடவேளை: காயிலுக்குள் நடப்பது

பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்று தேவைகள்: சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், நல்ல அழுத்தம், சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. தீப்பொறியைத் தருவது ஸ்பார்க் பிளக். அதன் முனையில் உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிப் பொறி பாய சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சிலிண்டருக்குள் கலவை இறுக்கமாக அழுத்தப்பட்டிருப்பதால் அதைவிடப் பல மடங்கு தேவைப்படுகிறது. அந்த உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குவதுதான் இக்னிஷன் காயில். நம் ஊர் பைக் மெக்கானிக்குகள் இதை எச்.டி. காயில் என்பார்கள்.

காரின் காயிலில் முதன்மைச்சுருள் சில நூறு சுற்றுகள் கொண்ட தடித்த கம்பி. துணைச்சுருள் அதைப்போல் சுமார் நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட, தலைமுடி போன்ற மெல்லிய கம்பி. இங்கே மாணவர்களைக் கணக்குப் போடச் சொன்னேன். 12 வோல்ட்டை நூறால் பெருக்கினால் 1,200 வோல்ட். நமக்கு வேண்டியதோ 20,000-க்கும் மேல். பாடநூலின் சுற்றுவிகிதச் சூத்திரம் மட்டும் இங்கே போதவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்தது. மீதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதி அப்படியே விட்டுவிட்டேன்.

விடையை ஒரு பழைய டியூப்லைட் சோக் சொன்னது. தேவையானவை: செம்புக்கம்பி சுற்றிய பழைய வகைச் சோக் ஒன்று (எலக்ட்ரானிக் சோக் உதவாது), பழைய டெஸ்டரில் இருக்கும் நியான் விளக்கு, நான்கு டார்ச் செல்கள், உறையிட்ட கம்பிகள். செல்களைத் தொடராக இணைத்தால் 6 வோல்ட். நியான் விளக்கைச் சோக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைக்க வேண்டும். இந்த விளக்கு ஒளிர சுமார் 70 வோல்ட் தேவை. எனவே 6 வோல்ட்டில் எரிய வாய்ப்பே இல்லை என்பதை முதலில் செல்களோடு நேரடியாக இணைத்துக் காட்டிவிட வேண்டும்.

பிறகு செல்களின் கம்பியைச் சோக்கின் முனையில் தொட்டேன். விளக்கு எரியவில்லை. கம்பியை விடுவித்தேன். பளிச்சென்று மின்னியது. மீண்டும் மீண்டும் செய்து காட்டி, "எப்போது மின்னுகிறது? தொடும்போதா, விடும்போதா?" என்று கேட்டேன். "விடும்போதுதான் டீச்சர்!" என்றார்கள். மின்சாரம் போகும்போது எரியாத விளக்கு, மின்சாரத்தை நிறுத்தும்போது ஏன் எரிகிறது? இந்த முரண்தான் பாடத்தின் மையம்.

மின்னோட்டம் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது சுருளைச் சுற்றி ஒரு காந்தப்புலம் நிலையாக நிற்கிறது. ஓட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் அந்தப் புலம் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் மறைகிறது. மாற்றம் அவ்வளவு வேகமாக நடப்பதால் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தமும் மிக அதிகம். காரின் காயிலிலும் இதுவே நடக்கிறது. முதன்மைச்சுருளின் ஓட்டம் துண்டிக்கப்படும் கணத்தில் அதிலேயே 300 வோல்ட் அளவுக்கு எழும்பிவிடுகிறது. அதை நூறால் பெருக்கினால் 30,000 வோல்ட். கரும்பலகையில் இருந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மின்மாற்றிக்கு வேண்டியது காந்தப்புல மாற்றம். அந்த மாற்றத்தை மாறுதிசை மின்னோட்டமும் தரலாம், நேர்திசை மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிப்பதாலும் பெறலாம்.

1831-இல் ஃபாரடே கண்டறிந்த தூண்டலைப் பயன்படுத்தி, அயர்லாந்தின் மேனூத் நகரில் பாதிரியாரும் இயற்பியல் ஆசிரியருமான நிக்கோலஸ் கேலன் 1836-இல் முதல் தூண்டல் சுருளை உருவாக்கினார். பேட்டரி மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டித்து உயர் மின்னழுத்தம் பெறும் வழி அப்போதே தெரிந்துவிட்டது. காருக்குள் அது வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 முதல், இன்று தேங்காய் மூட்டையோடு நம் தெருவில் போகும் வண்டி வரை, பொறி பிறப்பது இதே தூண்டல் விதியால்தான்.

இரண்டாம் பாடவேளை: ஒரு பொறி தவறினால்

நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுழற்சிக்கு ஒரு பொறி. நிமிடத்துக்கு 2,500 சுழற்சி என்றால் 1,250 பொறிகள். இருபது நிமிடம் அதே வேகத்தில் ஓடினால் ஒரு சிலிண்டருக்கு மட்டும் 25,000 பொறிகள். ஒவ்வொன்றும் சரியான கணத்தில் விழ வேண்டும். இந்தக் கணக்கை மாணவர்களே போட்டார்கள். "அத்தனையும் அந்தச் சின்னக் காயிலா டீச்சர்?" என்று வியந்தார்கள்.

பொறி விழாதபோது கலவை எரியாமலே வெளியேறுகிறது. இதைத்தான் மிஸ்ஃபயர் என்கிறோம். "வண்டி மிஸ் ஆகுது", "இழுவை இல்ல", "ஜெர்க் அடிக்குது" என்று ஓட்டுநர்கள் சொல்வது இதையே. நின்ற இடத்தில் எஞ்சின் குலுங்கும். புகைக்குழாயில் பெட்ரோல் வாடை வரும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியை அளவுக்கு மீறிச் சூடாக்கி அதையும் கெடுக்கும். எனவே சிறு பழுதை அப்படியே விட்டால் பெரிய செலவு வந்து சேரும்.

சிக்கல் என்னவென்றால், இதே அறிகுறிகளைப் பிளக்கும் தரலாம், காயிலும் தரலாம், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரும் தரலாம், அழுத்தக் குறைவும் தரலாம், தளர்ந்த ஒரு இணைப்பும் தரலாம். அறிகுறி ஒன்று, காரணங்கள் ஐந்து. இந்த ஐந்தையும் அட்டைகளில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுத்து, "எதை முதலில் சோதிப்பீர்கள்? ஏன்?" என்று கேட்டேன். செலவில்லாததை முதலில், எளிதாகக் கழற்றக்கூடியதை அடுத்து, பிரித்து மேய வேண்டியதைக் கடைசியில் என்று வரிசைப்படுத்த அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

சனிக்கிழமை: பட்டறையில் கண்டது

எங்கள் மாணவி ஒருத்தியின் அப்பா மெக்கானிக். தலைமையாசிரியர், பெற்றோர் அனுமதியோடு பதினான்கு மாணவர்களை அவருடைய பட்டறைக்கு அழைத்துச் சென்றேன். அன்று அங்கே நின்றது மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். அதன் உரிமையாளர் வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஆட்களை ஏற்றிப் போய் வருபவர். வேறோர் இடத்தில் காட்டியபோது மூன்று காயில், மூன்று பிளக், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். காயில் ஒன்றே ஆயிரம் ரூபாய்க்கு மேல். வண்டி நின்றால் அன்றைய வருமானமும் இல்லை.

மெக்கானிக் முதலில் எதையும் கழற்றவில்லை. கேள்வி கேட்டார்.

"எப்பண்ணே திணறுது? ஸ்டார்ட் பண்ணின உடனேவா?"

"இல்லப்பா. அரை மணி நேரம் ஓடுனப்புறம். ஆள் நிறைய இருந்தா ரொம்ப."

"ஏ.சி. போட்டா?"

"அப்ப நின்னே போயிரும் போல இருக்கு."

மாணவர்கள் பக்கம் திரும்பி, "சூடானாதான் வருது, சுமை ஏறினாதான் வருது. இத எழுதிக்கோங்க" என்றார். சூடேறும்போது மெல்லிய கம்பியின் மின்தடை கூடுகிறது, காப்பில் உள்ள நுண்விரிசலும் விரிகிறது. சுமை கூடும்போது சிலிண்டருக்குள் கலவை அதிகம் நிரம்பி அழுத்தம் கூடுகிறது, பொறி பாய இன்னும் அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. பலவீனமான காயில் முதலில் தோற்பது இந்த இரண்டு இடங்களில்தான். வெளியே பிடித்துப் பார்த்தால் பொறி தரும் காயில், உள்ளே அழுத்தத்தில் தராமல் போவதற்கும் இதுவே காரணம்.

அடுத்து ஸ்கேனரை இணைத்தார். பி 0302 என்று காட்டியது. கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர். "அப்போ ரெண்டாவது காயில் போச்சு!" என்றான் ஒரு மாணவன். "எந்த சிலிண்டர்னுதான் மிஷின் சொல்லுது. என்ன பழுதுன்னு சொல்லலையே தம்பி" என்றார் அவர். இடத்தைச் சொல்வது வேறு, காரணத்தைச் சொல்வது வேறு. இந்த வேறுபாட்டை வகுப்பில் ஒரு பாடவேளை பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

பிறகு எஞ்சினை நிறுத்தி, சூடு சற்றுத் தணிந்ததும், இரண்டாம் சிலிண்டரின் காயிலை முதல் சிலிண்டரிலும், முதலாவதை இரண்டிலும் மாற்றிப் பொருத்தினார். பிளக்கைத் தொடவில்லை, இன்ஜெக்டரைத் தொடவில்லை. பதிவான குறியீட்டை அழித்தார். "இப்ப என்ன நடக்கும்னு சொல்லுங்க" என்றார்.

மாணவர்கள் இரண்டு விடைகளைச் சொன்னார்கள். பழுது காயிலோடு முதல் சிலிண்டருக்கு வந்தால் குற்றவாளி காயில். இரண்டிலேயே நின்றால் காயில் நல்லது, மற்ற நான்கில் ஒன்றைத் தேட வேண்டும். அப்போது மெக்கானிக்கின் மகள், வகுப்பில் தானாக வாய் திறக்காதவள், "மூணாவது ஒண்ணு இருக்குப்பா. ரெண்டுலயும் வராமலே போச்சுன்னா, பழுது கனெக்டர்ல இருந்திருக்கும். கழட்டி மாட்டினதுல சரியாயிருக்கும்" என்றாள். அவள் அப்பா தலையசைத்தார். சோதனையைத் தொடங்கும் முன்பே எல்லா முடிவுகளையும், ஒவ்வொன்றின் பொருளையும் எழுதிவைப்பதுதான் அறிவியல் முறையின் உயிர். அதை அவள் செய்தாள். தேர்வுத்தாளில் அவள் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரிய வழியில்லை.

வண்டியை மீண்டும் சூடேற ஓட்டி வந்தார்கள். ஸ்கேனரில் பி 0301. பழுது காயிலோடு இடம் மாறிவிட்டது. கழற்றிப் பார்த்தபோது, காயிலின் அடிப்பகுதியில் முடியளவு மெல்லிய கரிக்கோடு தெரிந்தது. பொறி பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்குப் பதிலாக அந்தக் கோட்டின் வழியே எஞ்சினின் உலோகத்துக்குக் கசிந்திருக்கிறது.

அவர் அத்தோடு நிறுத்தவில்லை. "இது ஏன் போச்சு?" என்று தாமே கேட்டுக்கொண்டு பிளக்குகளைக் கழற்றி ஃபீலர் கேஜால் அளந்தார். முனைகள் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது. இடைவெளி கூடினால் காயில் ஒவ்வொரு முறையும் அதிக மின்னழுத்தம் தர வேண்டியிருக்கும், காப்பு சீக்கிரம் தளரும். முடிவாக ஒரு காயிலும் மூன்று பிளக்கும் மாற்றினால் போதும் என்றார். பழைய பிளக்கோடு விட்டால் புதிய காயிலும் அதே வழியில் போகும். மீதி இரண்டு காயில்களின் விலையும் இன்ஜெக்டர் செலவும் உரிமையாளருக்கு மிச்சம்.

மல்டிமீட்டரில் அளந்தே கண்டுபிடித்திருக்கலாமே என்று ஒரு மாணவன் கேட்டான். பட்டறையில் கிடந்த பழைய பைக் காயிலை அளந்து காட்டினார். முதன்மைச்சுருள் ஒன்றிரண்டு ஓமைத் தாண்டவில்லை, துணைச்சுருள் சில ஆயிரம் ஓம் காட்டியது. சுருள் அறுந்திருந்தால் மல்டிமீட்டர் சொல்லிவிடும். ஆனால் சூட்டில் மட்டும் கசியும் காப்பை ஆறிய நிலையில் அளந்தால் எல்லாம் சரி என்றே காட்டும். புதிய கார்களில் காயிலுக்குள்ளேயே டிரான்சிஸ்டர் சுற்று இருப்பதால் முதன்மைச்சுருளை இப்படி அளக்கவும் முடியாது. ஒரு கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்வதும் பாடம்தான்.

மூன்றாம் பாடவேளை: நம் வகுப்பின் மிஸ்ஃபயர்

"முதன்மைச்சுருளில் 200 சுற்றுகள், துணைச்சுருளில் 20,000 சுற்றுகள். முதன்மையில் 300 வோல்ட் தூண்டப்பட்டால் துணையில் எவ்வளவு?" என்ற கணக்கைக் கொடுத்தேன். பாதிப் பேருக்கு மேல் தவறாக விடையளித்தார்கள். மொத்தப் பாடத்தையும் மறுபடி நடத்தலாம். ஆனால் அது மூன்று காயிலையும் இன்ஜெக்டரையும் சேர்த்து மாற்றுவது போன்றது. எனவே மூன்று சீட்டுகள் தயாரித்தேன். முதல் சீட்டில் சொற்களே இல்லை, 20,000 ÷ 200 × 300 மட்டும். இரண்டாவதில் அதே கேள்வி, ஆனால் 10 சுற்று, 20 சுற்று, 5 வோல்ட் என எளிய எண்கள். மூன்றாவதில் கணக்குப் போட வேண்டியதில்லை. கேள்வியைப் படித்து, எது கொடுக்கப்பட்டுள்ளது, எது கேட்கப்பட்டுள்ளது என்று தன் சொற்களில் சொன்னால் போதும்.

முதல் சீட்டிலேயே தடுமாறியவர்களுக்குச் சிக்கல் பூச்சியங்களோடு வகுப்பதில். முதல் இரண்டையும் செய்துவிட்டு மூன்றாவதில் நின்றவர்களுக்கு, முதன்மை எது, துணை எது என்ற சொற்குழப்பம். முதலாவதையும் மூன்றாவதையும் செய்து இரண்டாவதில் தவறியவர்களுக்குத்தான் உண்மையில் விகிதம் என்ற கருத்து புரியவில்லை. அவர்கள் மிகச் சிலரே. மூன்று குழுக்களுக்கும் தனித்தனியே பத்துப் பத்து நிமிடம் செலவிட்டேன். வகுத்தல் குழுவுக்கு நான் இயற்பியலே நடத்தவில்லை. எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளின் நிலையறிந்து கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது புதிதாக இருக்காது. உயர்நிலை வகுப்பில், ஒரே ஒரு கணக்குக்குள்ளும் அதைச் செய்ய முடியும் என்பதே நான் சேர்க்க விரும்புவது.

மெல்லக் கற்கும் மாணவர் என்று ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதுவது, பி 0302 என்று எழுதுவதைப் போன்றது. எங்கே என்று அது சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. கண்பார்வையா, காலை உணவா, வாசிப்பா, வகுத்தலா, வீட்டுக் கவலையா? ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

தொடக்கநிலை வகுப்புகளுக்கு

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் ஒரே மாதிரியான மூன்று டார்ச்சுகள் போதும். ஒன்றில் தீர்ந்துபோன செல்லைப் போட்டு வைக்கவும். "ஏன் எரியவில்லை? புதிதாக எதையும் வாங்காமல் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லவும். குழந்தைகள் செல்லையும் பல்பையும் ஒன்றாக மாற்றினால், "இப்போது எரிகிறதே, எதனால் எரிகிறது என்று சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். சொல்ல முடியாது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றுவார்கள்.

பாதுகாப்பு

எஞ்சின் ஓடும்போது காயிலையோ பிளக் கம்பியையோ யாரும் கழற்றக்கூடாது, தொடக்கூடாது. உடலில் கடுமையான அதிர்ச்சி ஏற்படும், பெட்ரோல் ஆவி இருந்தால் தீப்பிடிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகில் நிற்கக்கூடாது. பட்டறையில் மாணவர்கள் பார்வையாளர்களே. கருவி மெக்கானிக்கின் கையில் மட்டும். சோக் சோதனையை ஆசிரியரே செய்ய வேண்டும். கம்பியின் வெறும் முனையில் விரல் படக்கூடாது, வீட்டு மின்இணைப்போடு சேர்க்கவே கூடாது.

மதிப்பீட்டுக் கேள்விகள்

1. சோக்கில் இணைத்த நியான் விளக்கு, கம்பியை விடுவிக்கும்போது மட்டும் மின்னுவது ஏன்?
2. ஒரு காயில் வெளியே பொறி தருகிறது, மேட்டில் ஏறும்போது தவறுகிறது. காரணம் என்னவாக இருக்கலாம்?
3. காயிலையும் பிளக்கையும் ஒரே நேரத்தில் இடம் மாற்றினால், பழுதும் இடம் மாறியது. இதிலிருந்து எதை முடிவு செய்யலாம்? எதை முடிவு செய்ய முடியாது?
4. உங்கள் வீட்டில் இயங்காத ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கக்கூடிய காரணங்களையும், சோதிக்கும் வரிசையையும், ஒவ்வொரு சோதனையின் எல்லா முடிவுகளையும் எழுதுங்கள்.

நான்காம் கேள்விக்கு வந்த விடைகளில் மிக்சி, சைக்கிள் டைனமோ, தண்ணீர் மோட்டார் எல்லாம் இருந்தன. மூன்றாம் கேள்விக்கு, "ரெண்டுல ஒண்ணுன்னு தெரியும், எதுன்னு தெரியாது. அதனால மறுபடி ஒண்ண மட்டும் மாத்தணும்" என்று எழுதியிருந்த தாளுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.